மாறிப்போன பாதிகள்

பட்டறைக்கு முதல் முறை வருகிறவர்கள் அண்ணனிடம்தான் பேசுவார்கள். முன்னறையில் மேஜைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருப்பார், சட்டை கசங்காமல், நகத்தில் அழுக்கில்லாமல். எந்த இன்ஜினைப் பற்றிக் கேட்டாலும், "முடிஞ்சிடும், விடுங்க" என்பார். பேச்சு முடிந்ததும் கொண்டுவந்ததைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போவார்கள். அங்கே நீல மேலங்கியும் தலையில் இறுக்கிக் கட்டிய துணியுமாக நிற்கும் பெண்ணைப் பார்த்து, "மெஷின்காரர் எங்கேம்மா?" என்று கேட்பார்கள்.

"சாப்பிடப் போயிருக்கார். வெச்சிட்டுப் போங்க" என்பார் என் அண்ணி.

இருபது வருஷத்துக்கு மேலாக அந்த மெஷின்காரர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவில்லை.

அண்ணி கல்யாணமாகி வந்தபோது கணக்கு எழுதத் தெரிந்த பெண், அவ்வளவுதான். உள்ளறையில் அப்போது நிஜமாகவே ஒரு மெஷின்காரர் இருந்தார். ஒரு நாள் மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்பதில் அவருக்கும் அண்ணனுக்கும் வாய்ச்சண்டை முற்றி, பாதி வேலையில் மெஷினை நிறுத்திவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். கடைகிற தண்டு இன்ஜினுக்குள்ளேயே நின்றது. அண்ணனுக்கு மெஷின் முன்னால் நிற்கப் பொறுமை கிடையாது. தினமும் டீ கொண்டுபோய்க் கொடுத்து, கிளாஸ் காலியாகும்வரை நின்று பார்த்திருந்த அண்ணிதான் மிச்சத்தைக் கடைந்து முடித்தார். "அன்னிக்கு ஒரு நாளைக்குன்னு இந்த மேலங்கிய மாட்டினேன் தம்பி," என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். "கழட்ட விட்டாத்தானே."

இந்தத் தடவை நான் விடுமுறையில் போயிருந்தபோது அண்ணியின் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தலை வாரும்போது சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக முடியாமல், குனிந்து தலையைச் சீப்பிடம் கொண்டுபோனார். டாக்டர் கொடுத்த மாத்திரை வலியை அமுக்கியது. கூடவே ஆளையும் அமுக்கியது. நின்றபடியே கண் சொக்கும். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு மெஷினைத் தொடுவார். சுற்றுகிற இரும்புக்குப் பக்கத்தில் தூக்கக் கலக்கமா?

"பட்டறைய ஒரு மாசம் மூடிடலாமே," என்றேன் அண்ணனிடம்.

"மூடலாம்டா. யார் வேணாம்னா? கைல இருக்கிற ரெண்டு கேஸ் மட்டும் முடியட்டும்."

"போன மாசமும் ரெண்டுதான் இருந்துச்சு," என்றார் அண்ணி, மெஷினிலிருந்து திரும்பாமல். "உங்கண்ணன் வாயில எப்பவும் ரெண்டுதான்."

அந்த இரண்டும் ஒரே வகை. தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிர்கிற பழைய கார் இன்ஜின். அதன் கேஸ், அதாவது எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடுகிற கூடு, இடது வலது என்று இரண்டு பாதிகளாக இருக்கும். நடுவில் சக்கரங்களுக்குச் சுழற்சி கொடுக்கிற கிராங்க் தண்டை வைத்து, இரண்டு உள்ளங்கைகளைச் சேர்ப்பதுபோல் மூடி, நட்டுப் போட்டு இறுக்குவார்கள். எடை குறைந்த, மெத்தென்ற உலோகம். வருஷக்கணக்கான சூட்டிலும் அடியிலும் கிராங்க்கின் பேரிங் உட்காரும் வட்டங்கள் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். அப்போது பாதிகளை இறுக்கி மூடி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீளத் தண்டு ஒன்றை ஓட்டி, எல்லா வட்டங்களையும் ஒரே கோட்டில் கொஞ்சம் பெரிதாகக் கடைய வேண்டும். பிறகு அதற்கேற்ற தடித்த பேரிங்கைப் போடலாம். அண்ணிக்குக் கிடைக்கிற பேரிங்கை வைத்து இப்படி இரண்டு தடவைதான் கடைய முடியும். இந்த இரண்டு கேஸும் முன்பே ஒரு தடவை கடைந்தவை. இதுதான் கடைசித் தடவை.

ஒன்று பல் டாக்டருடையது. பச்சைக் கார். ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்து, துடைத்து, ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து மறுபடி துடைப்பார். இன்ஜினில் அடித்திருக்கும் நம்பரும் வண்டியின் பதிவு நம்பரும் இன்னும் பொருந்தியிருப்பது அவருக்குக் குலப்பெருமை மாதிரி. இன்னொன்று ரொட்டிக்காரருடையது. அதே இன்ஜினைப் பின்னால் வைத்த வேன். விடிவதற்குள் ரொட்டியை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போடுகிறவர். வேன் படுத்ததிலிருந்து மச்சானின் காரை வாங்கி, சீட்டின் மேல் தட்டுகளை அடுக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். பாதி ரொட்டிதான் ஏறியது. மீதிக் கடைகள் ஒவ்வொன்றாக வேறு ஆளிடம் வாங்கத் தொடங்கியிருந்தன.

"அக்கா, சீட்டெல்லாம் தூள்னு மச்சான் தினமும் மூஞ்சியத் தூக்குறான். என் பொண்டாட்டியும் அவ அண்ணன் பக்கம் சேந்துட்டா," என்றார். "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க. இல்லாட்டி என்னையும் அந்தக் கேஸோட சேத்துத் தொட்டியில போட்டுக் கழுவி வெச்சிருங்க."

கழுவுவது அண்ணனின் வேலை. அதற்கு மட்டும்தான் அவர் உள்ளறைக்கு வருவார். கேஸைப் பிரித்ததும் அண்ணி அதன் இரண்டு பாதிகளையும் ஒரு கம்பியால் சேர்த்துக் கட்டி வைப்பார். ஜோடியாகவே கடையப்பட்டவை அவை; ஒன்றின் பாதி இன்னொன்றின் பாதியோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. ஆனால் கம்பியோடு சுடு கரைசலில் போட்டால் கம்பி பட்ட இடத்தில் கறுப்புத் தடம் விழும். அதனால் அண்ணன் கம்பிகளை அவிழ்த்தார். "ரெண்டு தடவை எதுக்குச் சுட வைக்கணும்?" என்று நாலு பாதிகளையும் ஒன்றாகவே போட்டார். எடுத்து, வெளியே நீள மேஜையில் காய வைத்தார். ஒழுங்காகத்தான் வைத்தார். இடது பாதிகள் ஒரு வரிசை, வலது பாதிகள் எதிர் வரிசை. இடது வரிசையைக் கதவுப் பக்கமிருந்து ஆரம்பித்தார், டாக்டருடையது முதலில். மேஜையைச் சுற்றி அந்தப் பக்கம் போனவர், வலது வரிசையைச் சுவர்ப் பக்கமிருந்து ஆரம்பித்தார், அதிலும் டாக்டருடையதுதான் முதலில். அவரளவில் ஒரு தப்பும் இல்லை.

அண்ணி வந்து, எதிரெதிராக இருந்தவற்றை ஜோடியாக எடுத்தார். வழக்கமாக, சேரும் விளிம்பில் அடித்திருக்கும் சின்ன எண்ணைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மூடுவார். அன்றைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

கடைந்து முடிய மத்தியானமாயிற்று. அளவு பார்த்தார், எல்லா வட்டமும் சரியாக வந்திருந்தது. என்னை டீ ஊற்றச் சொல்லிவிட்டு, உள்ளே விழுந்த உலோகச் சீவலைத் துடைக்க நட்டுகளைக் கழற்றி, கேஸைத் திறந்தார். நான் டீயோடு வந்தபோது வலது பாதியின் உட்புறத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒரு மீன் இருந்தது. எப்போதோ எந்தப் பட்டறையிலோ, வேலை சலித்துப்போன யாரோ ஆணியால் கீறிய மீன். வாலும் ஒற்றைக் கண்ணும்.

"இது ரொட்டிக்காரர் கேஸ்ல இருந்த மீனு," என்றார்.

"அதனால என்ன அண்ணி?"

அண்ணி இடது பாதியின் மேல்புறத்தில் விரலை வைத்தார். அங்கே இருந்தது டாக்டரின் நம்பர்.

எனக்கு இந்த வேலையில் ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் முகம் வெளுத்த வேகத்திலேயே ஏதோ பெரிய தப்பு என்று புரிந்தது. அண்ணி கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிளாஸை வாங்கி முழுவதும் குடித்தார். பிறகு, "உங்கண்ணனக் கூப்பிடுங்க," என்றார்.

அண்ணன் வந்து பார்த்தார். மேஜையில் மிச்சமிருந்த இரண்டு பாதிகளைப் பார்த்தார். காற்றில் கையை வைத்து இரண்டு வரிசை போட்டுப் பார்த்தார்.

"நான் சரியாத்தான் வெச்சேன்."

"நானும் சரியாத்தான் எடுத்தேன்."

"நம்பர் பாக்கலியா நீ?"

"பாக்கல."

அதற்கு மேல் சண்டை போட இருவரிடமும் தெம்பில்லை. "இப்ப மாத்தி வெச்சுக்க முடியாதா?" என்று மட்டும் அண்ணன் கேட்டார், பதில் தெரிந்தே. கடைந்த பாதியைக் கடையாத பாதியோடு சேர்த்தால் வட்டத்தின் நடுவே படிபோல மேடு விழும். அதைச் சரிசெய்ய மறுபடி கடைய வேண்டும். அதற்கேற்ற தடித்த பேரிங்தான் இனி இல்லையே. மிச்சமிருந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கடைவதைத் தவிர வேறு வழி கிடையாது.

மறுநாள் அதையும் கடைந்தார். பரீட்சை அதற்கப்புறம்தான். வால்வுகளை இயக்குகிற கேம் தண்டும் அதே இரண்டு பாதிகளுக்கு நடுவில்தான் படுத்திருக்கும். அந்த இடங்களைக் கடைய அண்ணியிடம் மெஷின் இல்லை. அவை முதலில் செய்தபடியே பொருந்தியாக வேண்டும். டாக்டரின் நம்பரும் ரொட்டிக்காரரின் மீனும் இருந்த கேஸில் தண்டை வைத்து, மூடி, இறுக்கிச் சுற்றிப் பார்த்தார். ஒற்றை விரலுக்குச் சுற்றியது. நம்ப முடியாத அதிர்ஷ்டம். அடுத்த கேஸில் அதே மாதிரி வைத்து மூடினார். இரண்டு கையால் பிடித்தும் அரைச் சுற்று வந்து, இறுகி நின்றுவிட்டது.

ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. கெட்டதில்தான் ரொட்டிக்காரரின் நம்பர் இருந்தது.

"நம்பர்படி குடுத்திடலாம்," என்றார் அண்ணன். "டாக்டருக்கு வெள்ளிக்கிழமைன்னு சொல்லியிருக்கேன். ரொட்டிக்காரர்கிட்ட, கேஸ் பழசு, தாங்கலன்னு சொல்லிக்கலாம். பழசுதானே?"

"பழசுதான்."

"அப்ப பொய் இல்லியே."

"நல்லதுல பாதி அவரோடது," என்றார் அண்ணி. "அதத் தூக்கி டாக்டருக்குக் குடுத்துட்டு, அவர்கிட்டயே உன் கேஸ் தாங்கலப்பான்னு சொல்லணும், இல்ல? நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்க மாட்டேன்."

"உன் கைக்கு ஓய்வு வேணும்னுதானேம்மா சொல்றேன்."

"என் கைய சாட்சிக்குக் கூப்பிடாதீங்க."

அண்ணன் முன்னறைக்குப் போய் உட்கார்ந்தார். போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். இரண்டு பேரையும் சாயங்காலம் வரச் சொன்னார்.

டாக்டர் மருத்துவமனைச் செருப்போடு வந்தார். ரொட்டிக்காரர் காது மடலில் மாவோடு வந்தார். அண்ணி இரண்டு கேஸையும் மேஜையில் திறந்து வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். கம்பி, தொட்டி, வரிசை, மாத்திரை, பார்க்காமல் விட்ட எண். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லி முடித்ததும் டாக்டர் குனிந்து, பாதிகள் சேரும் விளிம்பில் விரலை ஓட்டினார். பல்லில் ஓட்டை தேடுகிற விரல்.

"அப்ப இதுல பாதி என்னோடது இல்ல."

"இல்ல சார்."

"ஓடுமா?"

"உங்களது நல்லாவே ஓடும். இவரோடதுதான் சுத்த மாட்டேங்குது."

"டாக்டர் பாதி உள்ள இருந்தா பயப்படாதா பின்ன?" என்றார் ரொட்டிக்காரர். "அதான் பல்லக் கடிச்சிட்டு நிக்குது."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அவருக்கும்தான்.

அண்ணி டாக்டரிடம், "நல்லத இவர் வேனுக்கு விட்டுக் குடுக்க முடியுமா சார்? மத்ததச் சரிபண்ணி உங்களுக்குத் தரேன். நாளாகும். உங்களுது ஞாயித்துக்கிழமை வண்டிதானே," என்று கேட்டார்.

டாக்டர் தன் நம்பர் அடித்திருந்த இடத்தைத் தடவினார். "நம்பர் அதுலதானே இருக்கு மேடம்," என்றார், கெஞ்சுவதுபோல. "நம்பர் போயிட்டா அது வேற யாரோட வண்டியோ."

"விடுங்கக்கா," என்றார் ரொட்டிக்காரர். "அவர் நம்பர் அவருக்கு."

டாக்டர் தன் கேஸைப் போர்வையில் சுற்றி, தான் வந்த இன்னொரு காரில் தானே கொண்டுபோய் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்றார். "நீங்க சொல்லாமலே இருந்திருந்தா நான் பாட்டுக்கு நிம்மதியா ஓட்டிட்டு இருந்திருப்பேன்," என்றார். கோபம் இல்லை அதில். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்திருந்த களைப்புதான் இருந்தது.

"தெரியும் சார்," என்றார் அண்ணி.

ரொட்டிக்காரர் போகாமல் நின்றார். "ஓடுமா ஓடாதா, அது மட்டும் சொல்லுங்கக்கா. ஓடாதுன்னா இந்த வேனத் தள்ளிவிட்டுட்டு வேற பொழப்புப் பாக்கணும்."

"ஓட வெக்கிறேன். எத்தன நாள்னு மட்டும் கேக்காதீங்க."

"நான் கேக்கல. என் மச்சான் கேப்பான்."

கேம் தண்டில் நீல மையை மெல்லிசாகப் பூசி, கேஸை மூடி, எல்லா நட்டுகளையும் முறைப்படி இறுக்கி, வருகிற அளவுக்குச் சுற்றிவிட்டுத் திறந்தால், எங்கே உரசுகிறதோ அங்கே நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் கூர்மையான சுரண்டியால் மயிரிழை அளவு சுரண்ட வேண்டும். துடைத்து, பூசி, மூடி, இறுக்கி, சுற்றி, கழற்றி, மறுபடி நீலத்தைத் தேட வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் அந்த இடைவெளியில் எண்ணெய் நிற்காமல் ஓடிவிடும்; பிறகு கேஸைப் பழைய சாமான்காரனுக்குத்தான் போட வேண்டும். சுரண்டுவதற்கு இடது கையைப் பழக்கிக்கொண்டார் அண்ணி. இறுக்குவதுதான் முடியவில்லை. நீளப் பிடி ஸ்பேனரை இழுக்கும்போதெல்லாம் தோளில் எதையோ கத்தரித்ததுபோல் முகம் சுருங்கியது. நான் இழுத்துப் பார்த்தேன். "வேணாம் தம்பி, நீங்க மூச்சப் பிடிச்சிட்டு இழுக்கிறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு," என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் அண்ணன் முன்கதவைத் தாழ் போட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு உள்ளறைக்கு வந்தார்.

"எதுலேருந்து இறுக்கணும்?"

"நடுவுலேருந்து. பெருசெல்லாம் மொதல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் ஓரத்துல மாட்டுறீங்க?"

அண்ணன் ஸ்பேனரை நடுவுக்கு மாற்றினார்.

முதலில் நிறையப் பேசினார். நட்டைப் பற்றி, அரசாங்கத்தைப் பற்றி, பழைய மெஷின்காரரின் மின்விசிறியைப் பற்றி. கொஞ்சங்கொஞ்சமாகப் பேச்சு குறைந்தது. பிறகு உள்ளறையில் அண்ணியின் "ம்" என்ற சத்தமும் ஸ்பேனரின் கிளிக் சத்தமும் மட்டும்தான். அவர் இறுக்குவார், இவர் சுற்றிப் பார்ப்பார். அவர் கழற்றுவார்; இவர் சுரண்டுவார். சோறு தட்டில் ஆறிக் கிடக்கும். ஒருவர் பெருமூச்சு விட்டால் அது யாருடையது என்றே தெரியாது. சாயங்காலத்தில் ரொட்டிக்காரர் வந்து கதவருகே நிற்பார். எதுவும் கேட்க மாட்டார். "ஆஸ்பத்திரிக் கேன்டீனும் வேற ஆள்கிட்ட போயிடுச்சு," என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் போன பிறகு அண்ணி இன்னொரு தடவை திறக்கச் சொல்வார்.

"இது போதும்மா," என்றார் அண்ணன் ஒரு கட்டத்தில். "ரெண்டு விரலுக்குச் சுத்துதே."

"ஒரு இடத்துல பிடிக்குது."

"ஓடினா தேஞ்சு சரியாயிடும்."

"தேஞ்சது எங்க போகும்? எண்ணெய்ல போகும். எண்ணெய் பேரிங்குக்குப் போகும். தெறங்க."

அண்ணன் திறந்தார். அவர் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டார். அண்ணி அதைப் பார்த்தார். சுரண்டினார். மூடச் சொன்னார். தண்டைச் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சுற்றினார். திறந்து, நீலம் ஒட்டிய இடத்துக்கு நேராகச் சுரண்டியைக் கொண்டுபோய், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். அண்ணி சுரண்டியைக் கீழே வைத்தார்.

"போதும்."

இந்த வார்த்தைக்காகவே தவம் கிடந்த அண்ணன், "நிஜமாவா?" என்றார். "லேசாப் பிடிக்குதுன்னு இப்பத்தானே சொன்ன?"

"இன்னும் லேசாப் பிடிக்குது. ஆனா இதுக்கு மேல தொட்டா அது என் ஆசைக்குத் தொடறது. கேஸ் தாங்காது."

அதையும் ரொட்டிக்காரரிடம் ஒளிக்கவில்லை. ஒரு இடத்தில் லேசாகப் பிடிக்கும், முதல் சில நாள் கனம் ஏற்ற வேண்டாம், எண்ணெயைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும், மாற்றும்போது எண்ணெயில் மினுமினுப்பு தெரிந்தால் வண்டியை நிறுத்திவிட்டு நேரே இங்கே வர வேண்டும் என்று சொன்னார். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, கேஸைக் குழந்தையைப்போல் அணைத்துத் தூக்கிப் போனார். மச்சானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானே இன்ஜினைக் கோக்கப் போவதாகச் சொன்னார்.

நான் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியான வெயிலில் வாசலில் ஹாரன் கேட்டது. வேன் நின்றுகொண்டிருந்தது. தகரமெல்லாம் அதிர, பின்னால் இன்ஜின் தன் பாட்டுக்கு ஓடியது. வறட்டுச் சத்தம், ஆனால் விட்டுவிட்டு இல்லை, ஒரே சீராக. ரொட்டிக்காரர் இறங்காமல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். இறங்கினால் நின்றுவிடுமோ என்று பயந்தவர்போல இருந்தார்.

"அண்ணே, அக்காவ வரச் சொல்லுங்க. அவங்க ஒரு தடவ கேட்டுச் சொன்னாத்தான் நாளைக்கு ரொட்டி ஏத்துவேன்."

அண்ணன் உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். உள்ளறை ஜன்னல் தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது. வேனின் சத்தம் முழுவதும் அறைக்குள்தான் இருந்தது. அண்ணி மேஜையில் இடது கையை மடித்து, அதன் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு காலின் ஷூ கழன்று கிடந்தது, மற்றதைக் கழற்றுவதற்குள் கண் அசந்திருக்க வேண்டும். அண்ணன் எழுப்பக் கையை நீட்டியவர், தோளைத் தொடாமலே எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். பிறகு வெளியே வந்தார்.

"ஏத்துங்க. அவங்க கேட்டாச்சு."

"என்ன சொன்னாங்க?"

அண்ணன் உள்ளறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்லல," என்றார். "கோளாறு இருந்தா இந்நேரம் எழுந்து வந்திருப்பா. நீங்க போங்க."